திரைக்குக் கீழே என் கால்கள்

போன குளிர்காலத்தில், பாலிகஞ்சில் ஒரு சிறிய கூடத்தில் என் மகளின் ஓவியக் கல்லூரிக் கண்காட்சி நடந்தது. கணவருக்கு வேலை நாள். கார்டன் ரீச்சிலிருந்து நான் தனியாகப் போயிருந்தேன்.

என்ன வரைந்திருக்கிறாள் என்று அதுவரை அவள் சொல்லவில்லை. பெரிய படம். ஒரு பச்சைக் கதவுத் திரை, அதற்குக் கீழே மெட்டி போட்ட இரண்டு கால்கள். அவ்வளவுதான். தலைப்பு வங்காளத்தில் இருந்தது: 'வீட்டில் யாருமில்லை.'

பார்த்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. கல்யாணமாகி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது எனக்கு இந்த ஊர் வங்காளப் பாஷை தெரியாது. பிறகு கற்றுக்கொண்டும் கூச்சம் போகவில்லை. யாராவது மணியடித்தால் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யாருமில்லைன்னு சொல்லு" என்று சின்னப் பெண்ணான மகளை அனுப்புவேன். என் பழைய புடவையில் தைத்த திரைதான் அது.

"அம்மா, சார் கூப்பிடறார். இங்கயே நில்லு. யாராவது கேட்டா சொல்லு" என்று அவள் போய்விட்டாள். எனக்கும் எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

ஒரு வயதான வங்காளித் தம்பதி வந்து நின்றார்கள்.

"கால் இருக்கு, ஆளே இல்லைங்கிறாங்க. பேயா இருக்கும்" என்றார், குரங்குக் குல்லாய் போட்டிருந்த கணவர்.

"பேய்க்குக் கால் பின்பக்கம் திரும்பியிருக்கும். சும்மா இருங்க" என்றார் மனைவி. வீட்டுக்குள்ளே உழைக்கிறவளை அங்கே யாரும் ஆளாகவே மதிப்பதில்லை, பாவம், அதுதான் அர்த்தம் என்று விளக்கினார்.

நல்ல அர்த்தம்தான். ஆனால் அந்தப் 'பாவம்' எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில் என்னை மதிக்காதவர் யாருமில்லை. பேசாமல் நின்றால் இவர்கள் என் கணவரையும் மகளையும் அப்படித்தானே நினைத்துக்கொண்டு போவார்கள்?

"ஏட்டா ஆமார் பா" என்றேன். இது என் கால் என்று அர்த்தம்.

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து என் செருப்புக் கால்களைப் பார்த்தார்கள். படத்தில் இருந்ததுபோலவே கோணிய சுண்டுவிரல். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"அப்ப ஒருவழியா வெளியே வந்துட்டீங்க, தீதி" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொன்னார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. புடவை, திரை, மணி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். கேட்க இன்னும் சிலர் கூடினார்கள். திரும்பிப் பார்த்தால், மகள் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் படம் எங்கள் வீட்டில் வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. மணியடித்தால் நான்தான் போய்த் திறக்கிறேன். வருகிறவர்கள் தலைப்பைப் படித்துவிட்டு விழிக்கும்போது, அதை வரைந்தவளுக்கு அம்மா என்ற பெருமையோடு கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.