நாவல் மரத்தைச் சுற்றி வாப்பா கட்டிய வீடு

வரிப்பத்தான்சேனையில் வயல் செய்யும் குடும்பமொன்றில் பிறந்தவர் எங்கள் தந்தை, எங்கள் வாப்பா. கதிர் முற்றும் காலங்களில் கிளி விரட்டுவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டியிருந்தது. விரட்டப் போனவர் பறவைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு திரும்பினார். பின்னாளில் தமிழ் இலக்கியப் பேராசிரியரானபோதும், பாட்டில் வரும் செடியைக் கண்ணால் காணாதவர் அதன் உவமையை விளக்க அவர் அனுமதித்ததில்லை. சவளக்கடை வயல் வரம்புகளில் சேற்றுக் காலோடு அவரிடம் பாடம் கேட்ட பலர் இந்நினைவு மலரைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர் ஓய்வுபெற்ற ஆண்டில் மூத்த மகளான என் ராத்தாவின் திருமணம் பேசி முடிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, மகளுக்கு வீடு கட்டிய பின்னரே நிக்காஹ். வீடு கட்ட இருந்த ஒரே வளவின் நடுவே நாவல் மரம் நின்றது. தறித்தால்தான் வீடு அமையும் என்றார் மேசன். வாப்பா இணங்கவில்லை. செய்தி கேட்டு மாப்பிள்ளையின் உம்மா நேரில் வந்துவிட்டார்; வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்றே அழைப்பவர் அவர்.

“காக்கா, மரத்துக்கா மாப்பிள்ளை எடுக்கிறீங்க? பழம் விழுந்தா சுவரெல்லாம் ஊதாவாப் போகுமே!”

“அப்ப ஊதாவே பூசுவம், தங்கச்சி.”

“பகிடி விடாதீங்க. மரம் நிக்கிறதெண்டா நாங்க வேற இடம் பார்ப்பம்.”

அவர் போய்விட்டார். எங்கள் உம்மா மூன்று நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை. வீடு யாருக்கோ அந்த மகளிடமே கேட்காதது தம் தவறென்று உணர்ந்த வாப்பா, ராத்தாவின் அறைக் கதவைத் தட்டினார்.

“மகள், நீங்க சொன்னா நாளைக்கே தறிப்பம்.”

“மரத்தத் தறிக்க வேணாம் வாப்பா. வீட்ட வளைங்க.”

அன்றே வாப்பா பென்சிலை எடுத்தார். மரத்தை மூன்று புறமும் அணைத்தபடி அறைகள் அமைந்த படத்தைக் கண்டு, “இது வீடா லாடமா, சேர்?” என்று சிரித்தார் மேசன். அப்படத்தோடு வாப்பா சம்பந்தி வீட்டுக்கே சென்றார். மாப்பிள்ளையின் உம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே கேட்டார்: “மழைத்தண்ணி எங்கால ஓடும்?” அது வடிந்தோடவும் வாப்பா கான் கீறியிருந்தார்.

வீடு எழுந்தது. திருமண விருந்தில் பலர் கூடி உண்ணும் சஹன் தட்டுகள் நாவல் நிழலிலேயே வைக்கப்பட்டன.

சென்ற ஆண்டு வாப்பா படுக்கையில் விழுந்தபோது, ராத்தாவின் மாமியாரான அதே மாமி தம் மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியிருந்தார். “எங்கட வளவுலயும் ஒரு மாமரம் நிக்குது காக்கா. தறிக்காம ஒண்டு கீறித் தாங்க,” என்றார். வாப்பா தலையணையில் சாய்ந்தபடி கீறிக் கொடுத்தார். அவருடைய கடைசி வேலை அது.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், ஜனாஸாவைச் சுமந்து அடக்கத்துக்குத் தோள் கொடுத்தோருக்கும், பாண்டிருப்பிலிருந்து வந்து, வந்தோர் அமரக் கதிரைகள் அடுக்கி நின்ற பழைய மாணவர்களுக்கும், கோபித்துப் போயும் மனம் திரும்பிய மாமிக்கும் எங்கள் நன்றி. அடுத்த மாதம் அவர் மகள் புதுவீடு புகுகிறார். வாப்பாவுக்காக இறைவனிடம் துஆச் செய்யும் நீங்கள் அனைவரும் அங்கே வாருங்கள். மாமரத்தடியில் இடம் உண்டு.

— இளைய மகள்