என் மகள் அவுட்டான நாள்

சென்ற பிப்ரவரியில், டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்புக்கு நடுவே இருக்கும் சின்னப் பூங்காவில் நடந்தது இது. குளிர் விட்டு வெயில் வர ஆரம்பித்திருந்ததால், காலனிப் பிள்ளைகள் சாயங்காலம் முழுக்க அங்கேதான் கிடப்பார்கள். ஆட்டம் பெரும்பாலும் பிட்டூ. நம் ஊர் ஏழு கல்தான்: அடுக்கிய கற்களைப் பந்தால் கலைத்துவிட்டு, எதிரணி நம்மைப் பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்கிவிட வேண்டும்.

என் மகளுக்குப் பத்து வயது. பிறவியிலேயே இரண்டு கால்களிலும் பலம் இல்லை, ஊன்றுகோல்களோடுதான் நடப்பாள். தினமும் பால்கனியில் நின்று அந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் கீழே போய்ப் பிள்ளைகளிடம் பேசினேன். அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பந்தால் அடிக்கக் கூடாது, அவளுக்கு அவுட்டே கிடையாது என்றேன். அவர்களும் "அச்சா அங்கிள்" என்று ஒப்புக்கொண்டார்கள். பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட மிதப்பில் படியேறி வந்தேன்.

முதல் இரண்டு நாள் ஒரே குதூகலம். மூன்றாம் நாள் அவள் முகம் தொங்கிவிட்டது. அது தெரியாமல் நான் சமையலறையில் மனைவியிடம், ஒப்புக்குச் சப்பாணியாகவாவது சேர்த்துக்கொண்டார்களே என்று பீற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சப்பாணின்னா என்னப்பா?"

டெல்லியில் பிறந்தவள், தமிழ் அரைகுறை. சின்ன வயதில் என் தம்பியை ஆயிரம் தடவை அப்படிச் சொல்லித்தான் ஆட்டத்தில் சேர்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு நடக்க முடியாதவன் என்று அர்த்தம் இருப்பது அன்றுவரை எனக்கு உறைத்ததே இல்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆட்டத்தில் இருப்பார்கள், கணக்கில் வரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லி மழுப்பினேன்.

"அதான் நானா? நான் கல் அடுக்குறப்போ எல்லாரும் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நிக்கிறாங்க. இது கேல் இல்லப்பா, விளையாட்டே இல்ல."

மறுநாள் என்னைப் பூங்கா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவளே போனாள். தனக்கும் அவுட் உண்டு என்று இந்தியில் கறாராகச் சொன்னாள். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினேன். அவள் பந்தை வீசியதும் கற்கள் சிதறி ஓடின. நாள் முழுக்க உடம்பைத் தாங்கும் கைகள் அல்லவா? ஊன்றுகோல்களை ஓரமாகப் போட்டுவிட்டு, மண்ணில் பொத்தென்று உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தாள். ஐந்தாவது கல்லை எடுக்கும்போது, எதிர்வீட்டுப் பெண் எறிந்த பந்து அவள் முதுகில் பளாரென்று விழுந்தது.

நான் பதறி எழுந்தேன். அந்தப் பெண்ணைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"உட்காருங்கப்பா. நான் அவுட்."

மண் அப்பிய முகத்தோடு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அதுவரை அவளிடம் நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதுகில் இருந்த சிவப்புத் தடத்தைக் காட்டினாள், பால்காரர் உட்பட. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போதும் அவளுக்காக யாரிடமாவது சலுகை கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன். ஒரு அப்பனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறு இல்லை.