கயானாக்காரி வீட்டுக் கொடியும் என் கொடியும்

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

மெல்பேர்ன் பக்கம் டார்னெய்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கயானாவில் பிறந்தவள். அது தென்னமெரிக்காவில் இருக்கிறது. மே மாதம், தங்கள் சுதந்திர நாளில் வாசலில் கொடி கட்டி, எங்களை அழைத்துக் கோழிக்கறி போட்டாள். கரும்பு வெட்ட வெள்ளைக்காரன் மதராஸிலிருந்து கப்பலேற்றிய சனத்தின் வழி வந்தவள். பெயரில் மட்டும் தமிழ் ஒட்டியிருக்கிறது. இப்போது அங்கே கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கிறார்களாம். கரும்பாலை மூடியதில் அவள் தம்பிக்கு வேலை போனதுதான் மிச்சமாம். சுவரில் பூட்டனாரின் கப்பல் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்தபோது எனக்கு ஏழு வயது. மலையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். கணக்கப்பிள்ளை பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி கொடுத்தார். என் முறை வருமுன் தீர்ந்துவிட்டது. அழுதுகொண்டு ஓடி, வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்த கெட்டித் தாளொன்றை எடுத்தேன். குங்குமமும் மஞ்சளும் குழைத்துப் பூசி, விரலைப் பெட்டித் துணியில் துடைத்துவிட்டு, சோற்றுப் பருக்கையால் குச்சியில் ஒட்டினேன். அப்பாவுக்கும் எழுத்து வாசனை கிடையாது.

"எம் மக கொடியப் பாருங்க. கணக்கப்பிள்ள குடுத்தத விட பெருசு" என்று என்னைத் தோளில் வைத்து லயமெல்லாம் சுற்றினார். மாலை மழையில் கொடி கரைந்து கான் தண்ணீரோடு போயிற்று.

பிறகு சட்டம் வந்தது. தாத்தா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டினால்தான் அப்பா அந்த நாட்டுக்காரர். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்துக்காகத் தகரப் பெட்டியைக் கவிழ்த்தார் அப்பா. அடியில் கிடந்த துணியில் என் விரல் பட்ட குங்குமக் கறை இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியை மூடி வைத்தார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு குடியுரிமை பதியும் கந்தோருக்குப் போனார்.

"பத்திரம் எங்கேயப்பா?" என்றார் மேசையிலிருந்தவர்.

"கரையான் அரிச்சிருச்சுங்க ஐயா."

"உங்கட ஆக்கள் எல்லார் வீட்டிலயும் ஒரே கரையான்தான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா என் கையை விடவில்லை. அவருக்குத் தெரியாது, தப்பினேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்து அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அக்கரையில் ஒரு முகாமில் செத்தார் என்று கடிதம் வந்தது. தகரப் பெட்டிக்குள் கரையான் ஏறாது என்று அந்த ஏழு வயதுக்காரிக்கு யார் சொல்வது?

போதும் பேத்தி, பேனாவை வை. என் அப்பா பேசுகிற இடத்தை மட்டும் மெதுவாக வாசி, கேட்போம்.