வேட்டைக்காரரின் ரத்தம்

காட்டை ஒட்டிய அந்த ஊரில் அவரை எல்லோரும் வேட்டைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது ஊரல்ல, அவரேதான். வாய்ப்பந்தல் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காட்டுப்பன்றியோடு கட்டிப் புரண்ட கதையை எடுத்தாரென்றால், கேட்கிறவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்துபோகும். மனைவியின் தம்பி மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வான். வேட்டைக்குப் போகும்போதெல்லாம் மாமா எந்த மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியும். அக்கா முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டான்.

ஒருநாள் மருத்துவக் குழு ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது. காட்டு விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ் எதுவும் ஊர்க்காரர்களுக்கு முன்பு எப்போதாவது வந்திருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, ஐஸ் பெட்டியோடு நர்ஸ் உட்கார்ந்தார்.

"காய்ச்சல் வந்ததே உங்களுக்கு மறந்திருக்கும். ரத்தம் மறக்காது. விருந்தாளி போன பிறகும் சாப்பிட்ட தட்டு கிடக்குமில்ல? அதைத்தான் தேடுறோம்."

ஊசியைப் பார்த்த ஊர் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வேட்டைக்காரர்தான் முதலில் வந்து சட்டைக் கையை மடித்தார்.

"விலங்கு ஏதாவது கடிச்சிருக்கா?"

"கடிக்காத விலங்கு ஏதாவது இருக்கான்னு கேளுங்க."

"குரங்கு?"

"ரெண்டு கையிலயும்."

"வவ்வால்?"

"காதைப் பிடிச்சுத் தொங்கியிருக்கு."

எழுதி எழுதி நர்ஸுக்குக் கை ஓய்ந்தது. ஊசி தோலைத் தொட்டதும் வேட்டைக்காரர் பெஞ்சோடு சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "பழைய காயம், அங்கதான் பன்றி முட்டுச்சு" என்றார்.

அடுத்து அவர் மனைவி. காட்டுக்குப் போவீர்களா என்று கேட்டதற்கு, "எனக்கெதுக்குங்க காடு, வீட்டு வேலையே முடியல" என்றாள். ரத்தம் எடுக்கும்போது ஜன்னல் வழியே தன் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து நர்ஸ் முடிவுகளோடு வந்தார். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதுதான் முறை. வேட்டைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. எனக்கும் ஊருக்கும் ஒளிவுமறைவு கிடையாது."

"உங்களுக்கு எதுவுமே இல்லைங்க ஐயா. காட்டு விலங்கு பக்கமே போகாதவர் ரத்தம் மாதிரி இருக்கு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "குழாய் மாறியிருக்கும்."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு."

மனைவிக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கவனத்தைத் திருப்ப நினைத்து, "என்னோடதையும் இங்கயே சொல்லிடுங்க" என்றாள்.

நர்ஸ் தயங்கிச் சொன்னார். "உங்களுக்குத்தான்மா இருக்கு. வவ்வால்கிட்ட இருந்து வர்ற வைரஸ் ஒண்ணு எப்பவோ வந்துட்டுப் போயிருக்கு. இப்ப பயமில்ல. ஆனா எப்படி வந்திருக்கும்?"

"கூரைக்குள்ள அடையும்ங்க. வீட்டுக்குள்ள வந்தா துணியைப் போட்டுப் பிடிச்சு வெளிய விடுவேன். கடிச்சிருக்கு. தம்பி வேட்டையாடிக் கொண்டுவர்ற கறியை அறுக்கறதும் நான்தான்."

"அப்ப இவர்?"

"வவ்வால் வந்தா இவர் வாசல்ல நின்னு, 'போயிடுச்சா, போயிடுச்சா'ன்னு கேட்பார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவன் சிரிக்க, வகுப்பறையே சிரித்தது. வேட்டைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வீட்டுக்குப் பின்னால் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி போய் நின்றாள்.

"வேணும்னு சொல்லலைங்க. வாய் தவறி வந்துடுச்சு."

அவர் ஒரு விறகை எடுத்துப் பட்டையை உரித்தார். பிறகு, "கடிச்சப்ப வலிச்சுதா?" என்றார்.

"கொஞ்சம். அப்புறம் காய்ச்சல்கூட வந்துச்சே. நீங்கதான் வெந்நீர் வச்சுக் கொடுத்தீங்க."

"நான் வெறும் சளின்னுல்ல நினைச்சேன்." குரல் இறங்கியிருந்தது. "ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்புமுன் நர்ஸ், இனி வவ்வாலைத் தொட வேண்டாம், கூரை இடுக்குகளுக்குக் கம்பிவலை அடியுங்கள், கறி அறுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்று ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த முறை மைத்துனன் கறி கொண்டுவந்தபோது, வேட்டைக்காரர் அந்தக் கையுறையை முழங்கை வரை இழுத்து மாட்டினார். மனைவியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து அறுங்க," என்றாள் அவள். "அது செத்துப்போச்சு."