சந்தனமேரி வீட்டு மூட்டை

சந்தனமேரிக்கு நாற்பத்து மூன்று வயது. விராலிமலைக்குக் கிழக்கே ஓர் ஊராட்சியில் ஆறு வருஷமாகத் தூய்மைக் காவலர். காலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பி, பேட்டரி வண்டியோடு தெருத்தெருவாகப் போய்க் குப்பை வாங்குவார். பத்து மணிக்குக் கொட்டகைக்குத் திரும்பி, கூட வேலை பார்க்கும் சின்னப்பிள்ளையோடு உட்கார்ந்து மக்குவதையும் மக்காததையும் பிரிப்பார்.

ஆறு வருஷம் குப்பையைக் கிளறியதில் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. மூட்டையை அவிழ்த்ததுமே அது எப்படிப்பட்ட வீடு என்று சொல்லிவிடுவார். முருங்கைக் காம்பும் மீன் செதிலும் கிடந்தால் நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற வீடு. ஒரே சாக்லெட் கவராக இருந்தால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிற வீடு. சின்னப்பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்.

ஆனால் தன் வீட்டுக் குப்பை மட்டும் வண்டிக்கு வந்ததே இல்லை. அதைக் கொல்லைப்புறத்தில் போட்டு எரிப்பது அவர் கணவர் அமலதாஸின் வேலை. “எரிக்காதீங்க, வண்டியில போடுங்க” என்று ஊருக்கெல்லாம் சொல்கிற சந்தனமேரி, அதை மட்டும் கண்டும் காணாமல் இருந்தார்.

போன ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை. குப்பை நனைந்து தீப்பிடிக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் தன் பஞ்சர் கடைக்குக் கிளம்பிய அமலதாஸ், தெருமுனையில் வண்டி நிற்பதைப் பார்த்து ஒரு சாக்கு மூட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார். சந்தனமேரி அப்போது தெருவுக்குள்ளே இருந்தார்.

கொட்டகையில் அந்த மூட்டையை அவிழ்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. டீ காய்ந்து ஒட்டிய கவர்கள், சாம்பார் கவர்கள், சட்னி கவர்கள், பால் பாக்கெட்டுகள், மாவு பாக்கெட்டுகள், மசாலாப் பொடி உறைகள், ஜூஸ் பாட்டில்கள். கைப்பிடி காய்கறித் தோல்கூட இல்லை.

“இந்த வீட்டுல அடுப்புக்கே லீவு விட்டுட்டாங்க போலக்கா.”

சின்னப்பிள்ளை சிரித்தபடியே அடியில் கையை விட்டு ஒரு நனைந்த தாளை எடுத்தார். பஸ் பாஸின் நகல். அதில் இருந்த படத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“மேரி, இது நம்ம பிளெஸ்ஸி மாதிரி இருக்கு.”

சந்தனமேரி வாங்கிப் பார்த்தார். கல்லூரிக்குப் போகிற அவர் மகளேதான்.

“எங்க வீடுதாங்க்கா” என்றார் மெல்ல.

“விடு. வெள்ளனவே இங்கிட்டு வந்துர்றோம். யாரு ஆக்குறது? எல்லார் வீட்டுலயும் இதான் கதை.”

சொன்னது உண்மைதான். ஆனாலும் மனது ஆறவில்லை. அந்த மூட்டை முழுவதையும் சந்தனமேரியே தனியாக உட்கார்ந்து பிரித்தார். டீ கவர்தான் எல்லாவற்றையும் விட அதிகம்.

மறுநாள் வேலை முடிந்ததும் பரணிலிருந்து ஒரு தூக்குவாளியை இறக்கிக் கழுவி, பஸ் ஸ்டாப்பில் இருக்கும் சிவசாமியின் டீக்கடைக்கு எடுத்துப் போனார். சிவசாமி அதை யோசனையோடு பார்த்தார்.

“கவருன்னா அளவு தெரியும். இதுல ஊத்துனா கம்மியா இருக்குன்னு சண்டைக்கு வாராங்கம்மா.”

“கிளாஸால அளந்து மூணு கிளாஸ் ஊத்துங்கண்ணே. நான் சண்டைக்கு வரல.”

சிவசாமி மூன்று கிளாஸ் ஊற்றிவிட்டு, மேலே கொஞ்சம் சேர்த்தும் ஊற்றினார்.

வீட்டில் அமலதாஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, டீத்தூளை மாற்றிவிட்டாரா சிவசாமி என்று கேட்டார். அதே தூள்தான், பிளாஸ்டிக் வாடை இல்லை, அவ்வளவுதான் என்றார் சந்தனமேரி.

அடுத்தது பால். பக்கத்துத் தெரு பிச்சைமுத்து வீட்டில் இரண்டு மாடு. சாயங்காலம் செம்பை நீட்டினால் கறந்த பாலை ஊற்றுவார்கள். அதில் மிஞ்சியதை உறை ஊற்றித் தயிர். எண்ணெய்க்கு ஒரு கேனைச் செக்குக்குக் கொண்டு போனார். மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்தார். எல்லாம் ஒரே வாரத்தில் நடந்துவிடவில்லை. இடையில் ஒரு நாள் மிளகாய் மழையில் நனைந்து போனது. உடம்பு அசதியில் மறுபடி மாவு பாக்கெட் வாங்கிய நாட்களும் உண்டு.

மாவுப் பிரச்சினையைத் தீர்த்தது பிளெஸ்ஸி. சனிக்கிழமைதோறும் கிரைண்டரைத் தானே போடுவதாகச் சொன்னாள்.

“ஆனா நான் சிப்ஸ் திங்கிறதுல மட்டும் தலையிடக் கூடாதும்மா.”

சந்தனமேரி ஒத்துக்கொண்டார்.

அமலதாஸ்தான் மசியவில்லை. கடைக்குப் பாத்திரம் எடுத்துப் போகச் சொன்னால் முகம் சுருங்கும்.

“தூக்குவாளியோட ரோட்டுல போனா நாலு பேரு என்ன நினைப்பான்?”

“ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. பசிக்குது போலன்னு நினைப்பாங்க.”

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போகும் வழியில், காலைச் சாப்பாட்டுக்கு இட்லியும் சாம்பாரும் கவரில் வாங்கித் தன் டூவீலர் கொக்கியில் மாட்டினார் அமலதாஸ். வேகத்தடையில் வண்டி குதித்தது. கொக்கி குத்தி, சாம்பார் முழுவதும் சலவை வேட்டியில். பூசைக்குப் போகாமல் வீடு திரும்பினார். சந்தனமேரி வேட்டியை வாங்கி ஊறவைத்தார். பிளெஸ்ஸிதான் அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு கறிக்கடைக்குக் கிளம்பும்போது அமலதாஸ் அடுப்படியில் நின்று டப்பா டப்பாவாகத் திறந்து மூடிப் பார்த்தார்.

“எந்த டப்பாவுக்கு மூடி டைட்டா இருக்கும் புள்ள?”

“அந்தப் பெரிய சம்படத்த எடுத்துக்குங்க.”

இப்போது கொல்லைப்புறத்தில் யாரும் தீ வைப்பதில்லை. கரி படிந்த இடத்தைக் கொத்திவிட்டுச் சந்தனமேரி கீரை போட்டிருக்கிறார். காய்கறித் தோல் அங்கே குழிக்குள் போகிறது. மிச்சமாகும் கவர்கள் மாதத்துக்கு ஒரு சின்னப் பைதான் தேறும். பாதி பிளெஸ்ஸியின் சிப்ஸ் உறை. கழுவ வேண்டிய பாத்திரம் கூடியிருக்கிறது. அதைக் கழுவுவது இப்போது அமலதாஸின் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அரைத்த மசாலாவில் வைத்த குழம்பு கொஞ்சம் காரம் தூக்கல். அமலதாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்குகிறார்.