சிபாரிசுக்கு நன்றி சொன்ன மதாம்

முன்பின் தெரியாதவர் வீட்டுச் சுவரில் நம் கடை விலாசத்தை எழுதிவிட்டு வருவதற்குச் சம்பளம் தருவார்கள் என்றால் நம்புவீர்களா? இரண்டாயிரத்துச் சொச்சத்தில், லாஸ்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நான் அந்த வேலைதான் பார்த்தேன். சுவருக்குப் பதிலாக வெப்சைட், விலாசத்துக்குப் பதிலாக லிங்க். ஊரெல்லாம் நம் லிங்க் இருந்தால் நாம் பெரிய ஆள் என்று தேடுபொறி நம்பும். தேடுகிறவர்களுக்கு நம்மை முதல் பக்கத்தில் காட்டும். இந்த வேலையில் விரல் தேய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

படிக்கக் கூடாத பக்கங்கள்

அப்போது பல வெப்சைட்டுகளில், வந்து போகிறவர்கள் நாலு வரி எழுதிவைக்க ஒரு பக்கம் விட்டிருப்பார்கள். அங்கே போய் 'மிகவும் பயனுள்ள தகவல், நன்றி' என்று எழுதி, அடியில் எங்கள் வாடிக்கையாளரின் லிங்க்கைப் போட்டுவிட்டு நழுவ வேண்டும். எனக்கோ வேடிக்கை பார்க்கிற புத்தி. கனடாவில் பழைய டிராக்டர் சேர்க்கிறவர், ஸ்விட்சர்லாந்தில் தேனீ வளர்க்கிறவர். இவர்களெல்லாம் யார், யாருக்காக இவ்வளவு எழுதுகிறார்கள் என்று பார்க்காமல் நகர மனசு வராது. குளிர்காலத்தில் தேனீக்கள் தூங்குவதில்லை, ஒன்றையொன்று நெருங்கி உடம்பை நடுக்கியே கூட்டைச் சூடாக வைத்திருக்கும் என்று நான் லயித்துப் படித்துக்கொண்டிருந்தபோது, முதலாளி சேகர் சார் பின்னால் வந்து நின்றார்.

"படிக்காத சுமதி. படிச்சா பாசம் வந்துடும். ஒட்டிட்டு வந்துகினே இரு."

வீட்டில் விளக்கிய கதை

என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று அம்மா நச்சரித்தாள். தேடுபொறி, லிங்க் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். அரிசி களைந்தபடியே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"செவுத்துல நோட்டீஸ் ஒட்டறதுக்கா உன்ன பி.எஸ்சி. படிக்க வெச்சோம்?"

தங்காமலே சிபாரிசு

எங்களுடைய ஒரே பெரிய வாடிக்கையாளர் மதாம் ஃபிலோமின். பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில், சொந்த வீட்டு மாடியிலேயே கெஸ்ட் ஹவுஸ் நடத்தினார். கிறிஸ்துமஸ் சீசனுக்குள் அது முதல் பக்கத்துக்கு வந்தால் அடுத்த வருஷமும் வேலை எங்களுக்கு. வராவிட்டால் ஆபீசில் ஆள் குறைப்பு; கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

அக்டோபர் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு லிங்க்கும் ஒரு சிபாரிசு மாதிரி என்று சொல்லிவைத்தேன். மதாம் வீட்டில் சிபாரிசு என்பது லேசான விஷயமில்லை. பள்ளிக்கூட சீட்டிலிருந்து வேலை வரைக்கும் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போன குடும்பம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக நிதானமாகப் பார்த்தார்.

"இந்தத் தேனீக்காரரு நம்ம வீட்ல தங்கியிருக்காரா?"

"இல்ல மதாம்."

குட்டு உடைந்தது என்று நினைத்தேன். அவரோ நெகிழ்ந்துபோனார்.

"பாக்காமலே சிபாரிசு பண்றாருன்னா, எவ்ளோ நல்ல மனுஷரா இருக்கணும்."

காணாமல் போன லிங்க்குகள்

நவம்பரில் எங்கள் லிங்க்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டாம் பக்கம் வரை ஏறியிருந்த கெஸ்ட் ஹவுஸ் நாலாம் பக்கத்துக்குச் சரிந்தது. சேகர் சார் போட்டிக் கம்பெனியைச் சந்தேகப்பட்டார். எனக்குக் காரணம் தெரியாமல் தலை வெடித்துவிடும் போலிருந்தது. டிராக்டர்காரருக்கே மெயில் போட்டுக் கேட்டேன். பதில் வந்தது: பாண்டிச்சேரியிலிருந்து ஒரு அம்மையார் அவருடைய சிபாரிசுக்கு நன்றி எழுதியிருந்தாராம். எந்தச் சிபாரிசு என்று போய்ப் பார்த்தால், வந்து போகிறவர்கள் எழுதிவைக்க அவர் விட்டு, மறந்தே போயிருந்த அந்தப் பக்கம் முழுக்க லாட்டரியும் மருந்து விளம்பரமும். மொத்தத்தையும் மூடிவிட்டாராம்.

ரிப்போர்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் மதாம் நன்றி மடல் அனுப்பியிருந்தார். 'இந்தப் பக்கம் வந்தால் அவசியம் நம் வீட்டுக்கு வாருங்கள்' என்று அழைப்பும் உண்டு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அழுகையே வந்துவிட்டது. தயவுசெய்து இனி யாருக்கும் எழுதாதீர்கள் என்று கெஞ்சினேன். மதாமுக்கு உண்மையிலேயே வருத்தம்.

"உதவி செஞ்சவங்களுக்கு ஒரு மெர்சி சொல்லலன்னா, நாமல்லாம் என்ன மனுஷங்கம்மா?"

நாலாம் பக்கத்துக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் கடைசியில், எப்படியாவது அடுத்த வருஷத்துக்குக் கேட்டுப்பார் என்று சேகர் சார் என்னை அனுப்பினார். போனால், கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறைகூடக் காலியில்லை. முற்றத்தில் தேனீக்காரர், அவர் மனைவி, அவர்கள் கூட்டிவந்த சினேகிதர்கள் எல்லாரும் நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரி போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மதாம் என்னை அறிமுகம் செய்ததும், பயனுள்ள தகவல் என்று எழுதியது நீதானா, எந்தத் தகவல் என்று தேனீக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். தேனீக்கள் குளிரில் நடுங்குவதைச் சொன்னேன். மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டார்.

அந்தத் தெம்பில் அடுத்த வருஷத்து வேலையைப் பற்றி மதாமிடம் பேச்செடுத்தேன். ஒரு தட்டில் கேக் வைத்து நீட்டியபடி, அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

"சிபாரிசு பண்ணவங்களே வந்து தங்கிட்டாங்க. இனிமே நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்?"

யாரும் யாரோடும் பேசாத வரைக்கும்தான் எங்கள் தொழில் நடக்கும் என்பது எனக்கு விளங்கியபோது, ஜனவரி பிறந்து என் சீட்டும் கிழிந்திருந்தது.