மாவு மேசையில் அடித்த மருந்து

முப்பது வருஷம் பூச்சிகளோடு மல்லுக்கட்டியதில் அவளுக்கு மிஞ்சியது தேய்ந்துபோன இரண்டு முழங்காலும், வாசனை தெரியாத மூக்கும், 'பூச்சியக்கா' என்ற பட்டப்பெயரும்தான். பூச்சி ஒழிப்பு நிறுவனத்தில் அவள் சேர்ந்த காலத்தில் மூளைக்கு வேலையில்லை. முதுகில் மருந்துத் தொட்டியை மாட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் அடித்துவிட்டு வரவேண்டியது. பூச்சி செத்ததோ இல்லையோ, மூக்கு செத்துப்போனது. பால் கெட்டுவிட்டதா என்பதைக்கூட இப்போது வீட்டுக்காரர்தான் முகர்ந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

பிறகு முறை மாறியது. பூச்சி எங்கே ஒண்டுகிறது, எதைத் தின்கிறது, தண்ணீருக்கு எங்கே போகிறது என்று பார்த்து அந்த வழிகளை அடைக்கவேண்டும். மருந்து கடைசியில்தான், அதுவும் மிளகளவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதுகுச் சுமை இறங்கியதும் வாய்க்குச் சுமை ஏறிவிட்டது. "மருந்தடிக்க வந்தியா, வீடு கூட்ட வந்தியா?" என்று கேட்காத ஆள் குறைவு.

ஒரு ரொட்டிக்கடைக்குப் போனாள், அங்கேயும் அதே கேள்விதான். கடைக்குப் பின்னால் அடுப்பறை, அங்கே சின்னக் கரப்பான்கள். வந்த புதிதில் அவள் வைத்த பன்னிரண்டு ஒட்டு அட்டைகளில் ஒரே வாரத்தில் நூற்று நாற்பது சிக்கின. தரையில் படுத்து, குழாய் நுழையும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றவைத்தாள். சந்துகளில் கரப்பான் தின்று சாகும் பசை மருந்தைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். ரொட்டி மாஸ்டர் மட்டும் முகம் சுளிக்காமல் தினமும் மாவு பிசையும் மெஷினின் அடியைத் துடைத்துவந்தார். ஆறாவது வாரம் ஒன்பதுதான்.

"இன்னும் பூச்சியம் ஆகலையா பூச்சியக்கா?" என்றார் மாஸ்டர். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஏழாவது வாரம் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தவள் மறுபடி ஒருதரம் எண்ணினாள். எழுபத்திரண்டு. அதுவும் அடுப்பறையில் குறைவு. இதுவரை எட்டிப்பார்க்காத முன்கடையில், கேக் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கூட்டமாக. பசை மருந்தை எதுவும் தொடவே இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது மாவு மேசையின் விளிம்பு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது.

"மாஸ்டர், இங்க ஏதாவது வாடை வருதா?"

மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். "காலைலேர்ந்து வருதுக்கா. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

முதலாளியே வந்து மார்தட்டிக்கொண்டார். "நேத்து ராத்திரி நான்தான் மருந்தடிச்சேன். அடுத்த மாசம் சுகாதார அதிகாரி வர்றாரு. உங்க அட்டையையும் பசையையும் நம்பி உக்காந்திருக்க முடியுமா? மேசை, பெட்டி எல்லாத்துக்கும் அடிச்சு விட்டேன்."

"மருந்து பட்டா அதுங்க வேற இடத்துக்கு ஓடும் சார். நான் வச்சதையும் தின்னாது. ஆறு வாரம் பட்ட பாடு மொத்தமும் போச்சு." சொல்லும்போதே அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஆனால் அதே மேசையில் ஈரத்துணி மூடிய மாவு பொங்கிக்கொண்டிருந்தது. "இந்த மாவைக் கொட்டிடுங்க. சாப்பிடுற பொருள்."

"நாப்பது கிலோ! விளையாடுறியா?"

அவர் உடனே அவளுடைய மேலாளருக்கு போன் போட்டுக் கையில் கொடுத்தார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கக்கா. நல்ல பார்ட்டி," என்றது மறுமுனை.

அனுசரித்துப் போக எவ்வளவு நேரமாகும்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் போதும். வலி முழங்காலிலிருந்து இடுப்புவரை ஏறியிருந்தது. அவள் ஒரு காலித் தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கடையில் வைத்திருக்கும் வருகைக் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதினாள். "படிச்சுக் காட்டுறேன் சார். மாவு மேசையில மருந்து. மாவை அழிக்கச் சொன்னேன். கையெழுத்துப் போடுங்க."

முதலாளி பேனாவைத் தொடவில்லை. மாஸ்டர்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாவை இரண்டு கையாலும் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "என் பிள்ளைங்களும் இதைத்தான் திங்குது," என்றார், யாரையும் பார்க்காமல். முதலாளி கத்திப் பார்த்தார். மாஸ்டர் பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முன்கடைக்குப் போய்விட்டார். இருவருமாக மேசையை மூன்று தரம் சோப்பு போட்டுக் கழுவினார்கள்.

திரும்ப முதலிலிருந்து. இந்தத் தடவை முன்கடையும் சேர்ந்துகொண்டது. மேலாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு ஆள் கிடைக்காததால் அவளையே அனுப்பினார். அதிகாரி வந்தபோது ஒரு கரப்பானும் கண்ணில் படவில்லை. குறிப்பேட்டை மட்டும் நிதானமாகப் புரட்டி, மாவைக் கொட்டியது எழுதியிருந்த பக்கத்தை இன்னொரு தரம் படித்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் அவள் குளிர்பெட்டிக்குப் பின்னால் குந்தி அட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். முன்கடையில் முதலாளி யாரிடமோ அளந்துகொண்டிருந்தார்: "நானே ஒரு தடவை அடிச்சேன் பாருங்க, அத்தோட ஒழிஞ்சுது."

மாஸ்டர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் அட்டைகளில் சிக்கியதை எண்ணினாள். குறிப்பேட்டில் தேதியைப் போட்டு 'நான்கு' என்று எழுதினாள். சுவரைப் பிடித்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்தது ஒரு தானியக் கிடங்கு. எலித்தொல்லையாம், ஏணி ஏறவேண்டுமாம்.